மயிரிழை இடைவெளி

மாத்தளைத் திரிகோணமலை வீதியில் கடைப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும் காலை நேரத்தில், நடுத்தெருவுக்குச் சற்று இப்பால் நின்று இடது கண்ணை இறுக மூடிக்கொள்கிறார் ஸஹாப்தீன் நானா. எதிரே மிளகும் கராம்பும் வாங்கும் கடையின் புதிய பெயர்ப்பலகை. கண்டியிலிருந்து யாரோ வந்து எழுதிவிட்டுப் போனது. வலது கண் முதல் எழுத்தில் ஏறி, கடைசி எழுத்து வரைக்கும் நிதானமாகப் போய்வருகிறது. ஓர் எழுத்தின் வளைவும் காலும் சேரும் இடத்தில் வண்ணம் பற்றாமல் சிறு வெள்ளை தெரிகிறது. உடனே அவருடைய வலக்கைச் சுண்டுவிரல் எழும்புகிறது. விட்டுப்போன இடத்தைக் காற்றிலேயே ஓர் இழுப்பில் நிரப்பிவிட்டுத்தான் இறங்குகிறது. பின்னால் றத்தோட்டை பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தாலும் அந்த வேலை முடியாமல் அவர் நகர மாட்டார். சாரதிகளுக்கும் இது பழகிவிட்டது.

"பொடியன் நல்லாத்தான் எழுதீக்கான். என்ன செய்ய, கோட்டுல மூச்சு விட்டுட்டான்" என்பார், யாரும் கேட்காமலே.

மூச்சு விடுவது என்றால் கோட்டில் இடைவெளி விடுவது. அவருடைய அகராதியில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. எழுத்தின் அளவு பிசகலாம், நிறம் மங்கலாம். ஆனால் ஓடுகிற கோடு நடுவில் அறுந்து நிற்கக்கூடாது. அப்படி அறுந்த பலகையுள்ள கடையில் அவர் சீனி கூட வாங்குவதில்லை. இதனால் மஸீனா, அவருடைய மனைவி, வீட்டுக்குப் பக்கத்துக் கடையை விட்டுவிட்டு மூன்று தெரு நடக்கிறார்.

ஆள் நெடுநெடுவென்று இருப்பார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை. நாள் முழுவதும் பெயர்ப்பலகை எழுதி எனாமல் வண்ணத்தோடு புழங்குகிறவர் மேல் ஒரு சொட்டு நிறத்தைப் பார்க்க முடியாது. இடக்கைப் பெருவிரல் நகத்தில் மட்டும் பல நிறங்கள் அடுக்கடுக்காகக் காய்ந்திருக்கும். தூரிகையின் நுனியை அந்த நகத்தில்தான் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அவர் சொற்படி அதுதான் தராசு. மற்ற எழுத்துக்காரர்கள் கை நடுங்காமலிருக்கக் குச்சியொன்றைப் பலகையில் ஊன்றி, அதன்மேல் மணிக்கட்டை வைத்துக்கொள்வார்கள். அவருக்கு அந்தக் குச்சியைக் கண்டாலே ஆகாது. "நொண்டிக்குத்தான் ஊன்றுகோல்" என்று முகத்துக்கு நேரே சொல்லி, வஹகோட்டை எழுத்துக்காரர் ஒஸ்வல்ட்டோடு ஒரு வருடம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தவர்.

மூன்று மொழியிலும் எழுதுவார். சிங்கள எழுத்து சோற்றுருண்டை போலக் கைக்குள் அடங்கும் என்பார். இங்கிலீசு எழுத்து வேலிக் கம்பு. தமிழைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டு, "அதுக்கு முதுகெலும்பு ஈக்கி" என்பார். படம் வரைந்தேன் என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். கோப்பையானாலும் தேயிலைக் கொழுந்தானாலும் அவர் 'எழுதினது'தான்.

அவர் எழுதாதது ஒன்றுண்டு. உயிருள்ளவற்றின் முகம். அவருடைய வாப்பா காலத்திலிருந்து வரும் ஒழுங்கு அது. வஹகோட்டைத் திருவிழாப் பலகையில் புனிதரை ஒஸ்வல்ட் வரைந்தார். புனிதரின் கையிலிருந்த லீலி மலரை ஸஹாப்தீன் எழுதினார். புனிதரைவிட லீலிதான் நன்றாக இருந்தது என்று ஊர் சொன்னதாக அவரே சொல்வார். கொங்காவெலையில் சலூன் வைத்திருக்கும் மாடசாமி, ஸ்டைலாக வாரிய தலையொன்று வேண்டும் என்று கேட்டபோது, வகிடெடுத்து எண்ணெய் மினுங்கும் அழகான தலைமுடியையும் அதன்கீழே கத்தரிக்கோலையும் எழுதிக் கொடுத்தார். நடுவில் முகம் இல்லை.

"என்னா நானா, மண்டைய எங்க வச்சீங்க?" என்றார் மாடசாமி.

"மண்டைய வாற ஆள் கொண்டு வருவான். நீங்க முடிய மட்டும் பாருங்க."

அந்தப் பலகை இன்றைக்கும் தொங்குகிறது. சலூனில் கூட்டமும் குறையவில்லை.

அவர் தனக்கே விதித்துக்கொண்ட பெரிய சட்டம் ஒன்றிருக்கிறது. வேலை முடிந்து, வலப்பக்க மூலையில் 'ஸஹாப்தீன், மாத்தளை' என்று கையெழுத்துப் போட்டு, அதன்கீழ் ஒரு கோடும் இழுத்துவிட்டால், அந்தப் பலகையில் மறுபடி தூரிகை வைக்க மாட்டார். அரசாங்கமே வந்து கேட்டாலும் வைக்க மாட்டார். இரும்புச் சாமான் கடைப் பங்காளிகள் இருவர் சண்டை பிடித்து, ஒருவர் வந்து மற்றவரின் பெயரை அழிக்கச் சொன்னார். "எழுதுனா எழுதுனதுதான்" என்று அனுப்பிவிட்டார். பலகை கிடந்த கிடையில் கிடந்தது. அடுத்த பெருநாளுக்குள் பங்காளிகள் கூடிவிட்டார்கள். தன்னுடைய பலகைதான் அவர்களைச் சேர்த்து வைத்தது என்பது அவருடைய கட்சி. சேர்த்து வைத்தது மிளகு விலை என்பது ஊரின் கட்சி. எப்படியோ, பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள் என்ற பெயர் வடக்கே இருக்கும் நாலந்தா ஊர் வரைக்கும் பரவியிருந்தது. அதிலும் அவருக்குப் பெருமைதான்.

இந்தச் சட்டத்துக்குத்தான் டொறீன் டீச்சரால் சோதனை வந்தது.

டொறீன், எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கலக்குபவரின் மகள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானத்தை இங்கிலீசில் படித்து, அதை மாத்தளையில் தமிழில் கற்பிக்க வந்தவர். அவருடைய பள்ளிக்கூடத்தில் தமிழில், பள்ளியின் கடைசி இரண்டு வருடமான உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லை. படிக்க வேண்டுமென்றால் கண்டிக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும். ஸஹாப்தீனின் மகள் ஹமீமா அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். விஞ்ஞானத்தில் புலி. "என்ட புள்ளைய விடுதிக்கு அனுப்ப ஏலாது. இங்க வகுப்பு வந்தாப் படிக்கட்டும், வராட்டி வீட்டோட இருக்கட்டும்" என்று மஸீனா தீர்த்துச் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் தீர்ப்பு எப்போதும் மஸீனாவுடையது.

வகுப்புக்கு அனுமதி கேட்டு டொறீன் அலைந்ததில், கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரியான பெரியவர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குக் காட்ட டீச்சரிடம் ஒரு பழைய நுணுக்குக்காட்டியும் சில கண்ணாடிக் குடுவைகளும் இருந்தன. சுவரில் மாட்டத் தமிழில் ஒரு படமும் இல்லை. அதனால்தான் டீச்சர் ஒரு சனிக்கிழமை, சுருட்டிய கடுதாசியோடு நானாவின் வாசலுக்கு வந்தார்.

"நானா, எனக்கு மனுசனோட நரம்புத் தொகுதி வேணும். முழுசா, தமிழ்ல பேரெல்லாம் போட்டு."

"மனுசன் எழுதுறதில்ல டீச்சர். ஊருக்கே தெரியும்."

"மனுசன் வேணாங்க. அவனுக்குள்ள ஓடுற நரம்பு மட்டும் போதும்."

கடுதாசியை உட்காரும் வாங்கில் விரித்தார் டீச்சர். இங்கிலீசுப் புத்தகத்திலிருந்து மெல்லிய தாளை வைத்து அவரே பிரதி எடுத்தது. மேலே மூளை. அதிலிருந்து முதுகுக்குள் இறங்கும் முண்ணாண். இந்த இரண்டும்தான் நடுக் கந்தோர், எல்லாச் சங்கதியும் இங்கேதான் வந்து சேரும், உத்தரவும் இங்கிருந்துதான் போகும் என்றார். முண்ணாணின் இரு பக்கமும் பிரிந்து, கிளைத்து, விரல் நுனி வரைக்கும் ஓடியவை மற்ற நரம்புகள். இத்தனையும் இங்கிலீசில் செல் எனப்படும் கலங்களால் ஆனவை. ஒவ்வொரு நரம்புக்கலத்துக்கும் ஓர் உடல், உடலுக்குள் ஒரு கரு, சங்கதியை வாங்கிக்கொள்ளக் குட்டிக் கிளைகள், அதை எடுத்துச் சென்று கொடுக்க நீளமாய் ஒரு வால்.

"வால் எவ்வளவு நீளம் வரும்?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தார் நானா.

"சிலது கண்ணுக்கே தெரியாது. சிலது இடுப்புக்கிட்ட முண்ணாண்ல தொடங்கிக் கால் பெருவிரலை ஆட்டுற தசை வரைக்கும் போகும். அவ்வளவும் ஒரே கலத்தோட வாலு."

நானா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இடுப்புல இருந்து காலடி வரைக்கும்? நடுவுல ஒட்டு இல்லாம?"

"ஒட்டே இல்லங்க."

"மாஷா அல்லாஹ்! ஒரே இழுப்பு!" என்றார் நானா. பிரஸ் என்று அவர் சொல்லும் தூரிகையைத் தூக்காமல் அவ்வளவு நீளம் இழுக்கிற ஒரு கையைப் பற்றி அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

என்றாலும் அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் கடுதாசியைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய், தொழுகை நடத்தும் ஹஸ்ரத்திடம் காட்டினார். ஹஸ்ரத் அதை மேலும் கீழுமாகத் திருப்பிப் பார்த்தார். "கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. புள்ளைங்க படிக்கிறதுக்குத்தானே? படைச்சவன்ட வேலைய அறியட்டும். தாராளமா எழுதுங்க" என்றார். நானா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஆள் உயர மெசனைட் பலகையொன்றுக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கினார்.

முன்னறை முழுவதையும் அந்தப் பலகை பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் மூளையும் முண்ணாணும் நரம்புகளும். உடம்பின் வெளிக்கோடு இல்லாமலே ஓர் ஆள் எழுந்து நிற்பது போலிருந்தது. தாத்தா என்று எல்லோரும் அழைக்கும் பக்கத்து வீட்டு அக்கா ஸைனம்பு எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ஸஹாப்தீன், வேரோட புடுங்கின மரமா?" என்று கேட்டார். "உங்களுக்குள்ள ஈக்கிற மரம்தான் தாத்தா. நீங்க பல்லுக்கு மருந்து வாங்க ஓடுறதே இந்த வேர் சொல்லித்தான்" என்றார் நானா. தாத்தா தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு போனார்.

வலப்பக்கம் நுட்பமான வேலை. சூடான சட்டியின் மேல் ஒரு விரல் நுனி. அங்கிருந்து சங்கதி கொண்டு போகும் நரம்புக்கலம் நீலம். முண்ணாணுக்குள் அதை வாங்கி மாற்றிக் கொடுக்கும் குட்டிக் கலம் மஞ்சள். கையை எடு என்று தசைக்கு உத்தரவு கொண்டு போகும் கலம் சிவப்பு. நீலம் நன்றாகக் காய்ந்த பிறகே மஞ்சளைத் தொட்டார். மஞ்சள் காய்ந்த பிறகே சிவப்பு. வாலைச் சுற்றிய கொழுப்பு உறையைக் கோத்த மணிபோல அடுக்கினார். கலவுடலுக்குள் கருவை ஒரே சுழியில் வைத்தார். பெயர்களை ஹமீமா வாசிக்க வாசிக்க எழுதினார். தெறிவினை என்ற சொல்லின் றகரம் அவர் கையில் குதிரையாக நின்றது.

டீச்சரின் கடுதாசியில் ஒரு விஷயம் அவருக்கு ஒத்துவரவில்லை. நீலக் கலத்தின் வால் நுனிக்கும் மஞ்சள் கலத்தின் கிளைக்கும் நடுவில் சிறிது வெள்ளை கிடந்தது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவிலும் அப்படியே. நானாவுக்குச் சிரிப்பு வந்தது. "வெள்ளக்காரன்ட அச்சுல மை பத்தல்ல. டீச்சரும் பார்த்த மாதிரியே பிரதி எடுத்தீக்கிறாங்க, பாவம்" என்று சொல்லி, இரண்டு இடத்தையும் அழகாகச் சேர்த்துவிட்டார்.

ஹமீமா பார்த்துக்கொண்டிருந்தாள். "வாப்பா, அது தொடப்படாது. டீச்சர் வகுப்புல சொன்னாங்க."

"தொடாட்டிச் சங்கதி எப்படிப் புள்ள போகும்? கம்பி நடுவுல அறுந்து கிடந்தாத் தந்தி வருமா?"

"கலம் கம்பி இல்லயே வாப்பா."

"போட்ட கோட்டுல மூச்சு விட உன்ட வாப்பாவுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, வலப்பக்க மூலைக்குப் போய்ப் பெயரை எழுதி, கீழே கோட்டையும் இழுத்தார்.

டொறீன் டீச்சர் வந்து பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவருடைய கண் நிறைந்துவிட்டது. பேராதனையில் கூட இப்படியொரு படம் இல்லை என்றார். நானா தாடியைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அப்போதுதான் டீச்சரின் விரல், நீலமும் மஞ்சளும் சேர்ந்த இடத்தில் போய் நின்றது.

"நானா, இங்க ஒட்டக்கூடாதுங்க. இது மூணு கலம். ஒண்ணு இல்ல."

"சேர்த்தாத்தானே சங்கதி போகும்?"

"சேராமத்தாங்க போகும். வால் நுனியில ஒரு ரசாயனம் சிந்தும். அடுத்த கலத்தோட கிளை அதை வாங்கிக்கும். அதனாலதான் சங்கதி ஒரு பக்கமா மட்டும் போகுது. ஒட்டிட்டா முன்னுக்கும் போகும், பின்னுக்கும் வரும். எது விரல் சொன்னது, எது கைக்குப் போற உத்தரவுன்னு தெரியாமப் போயிரும்."

"மயிரிழை இடம் டீச்சர். வாற பெரியவருக்குக் கண்ணுக்கே தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

நானாவின் முகம் இறுகியது. மூலையிலிருந்த கையெழுத்தைக் காட்டினார். "எழுதுனா எழுதுனதுதான். பேர் போட்ட போர்டுல நான் பிரஸ் வைக்கிறதில்ல."

டொறீனுக்கும் முதுகெலும்பு உண்டு. "அப்ப நான் இதை மாட்ட மாட்டேன் நானா. பொய் சொல்ற படத்தைக் காட்டி விஞ்ஞான வகுப்புக் கேக்க எனக்கு மனசு வராது. சுவர் வெறுமனே இருக்கட்டும்" என்றார். பெரியவர் வருவது நாளை மறுநாள். டீச்சர் வெறுங்கையோடு படியிறங்கிப் போனார். அடுத்த அறையின் திரைக்குப் பின்னால் ஹமீமா நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று நானாவுக்கு எல்லாவற்றிலும் குறைதான். மஸீனா வைத்த சோற்றில் உப்புக் கூடிவிட்டது என்றார். உப்புச் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வந்தவர், சன்னலுக்குப் போட மீதியிருந்த கண்ணாடித் துண்டொன்றை எடுத்து வாங்கில் வைத்தார். மஸீனாவைக் கூப்பிட்டார். ஆத்திரம் தணிய யாருக்காவது எதையாவது நிரூபிக்க வேண்டும். அதற்கு மனைவிதான் தோது.

"நீயே சொல்லு. சேர்ந்தா வடிவா, சேராட்டி வடிவா?"

நீலத்தில் ஒரு கோடு இழுத்தார். காயும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. அது ஈரமாக இருக்கும்போதே அதன் நுனியில் சிவப்பைக் கொண்டுவந்து முட்டினார். முட்டியது எவ்வளவோ அழகாகத்தான் இருந்தது. பிறகு நீலம் மெல்லச் சிவப்புக்குள் நடந்தது. சிவப்பும் நீலத்துக்குள் திரும்பி நடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சந்திப்பு ஈரலின் நிறமாகிவிட்டது.

"என்ன இது, சேறாப் போச்சே" என்றார் மஸீனா.

நானா தூரிகையைத் துடைத்தார். பக்கத்திலேயே இன்னொரு நீலக் கோடு இழுத்தார். இம்முறை சிவப்பை ஒரு மயிரிழை தள்ளி நிறுத்தினார். இரண்டு நிறமும் தத்தம் இடத்தில், பட்டும் படாமலும், தெளிவாக நின்றன. ஈரம் காயாதவரை ஒன்றையொன்று தொடவிடக்கூடாது என்பது எழுத்து வேலைக்கு வரும் எவனும் முதல் கிழமையில் கற்கும் பாடம். அவரும் பலகையில் காயவிட்டுக் காயவிட்டுத்தான் சேர்த்தார். அதனால்தான் தப்பித்தது. ஆனால் விரலுக்கும் மூளைக்கும் நடுவில் யார் எதைக் காயவிட்டார்கள்?

"ஹமீமா" என்று கூப்பிட்டார். மகள் வந்தாள். "உடம்புக்குள்ள எல்லாம் ஈரம்தானே புள்ள?"

"ஓம் வாப்பா. எல்லாம் ஈரம்தான்."

"உசிரோட ஈக்கிற வரைக்கும் காயாது?"

"காயாது வாப்பா."

"அப்ப அது காயாத எழுத்து" என்றார் நானா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "காயாத எழுத்துன்னா, இடம் விட்டுத்தான் எழுதணும். படைச்சவன் தெரிஞ்சுதான் விட்டீக்கான். மை பத்தாமப் போகல்ல."

ஆனைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய ஆனை எப்படி எழும்பியது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. மஸீனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பேர் போட்ட போர்டுல பிரஸ் வைக்க மாட்டீங்களே, இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். நானா சவரப் பெட்டியைத் திறந்து புதிய பிளேட் ஒன்றை உரித்தார். பலகையின் முன் முழந்தாளிட்டார். இடது கண்ணை மூடினார். கையை ஊன்ற அப்போதும் குச்சி எடுக்கவில்லை. நீலமும் மஞ்சளும் சேர்ந்த இடத்தில் பிளேட்டின் மூலையை வைத்து, மூச்சைப் பிடித்து, ஒரு மயிரிழை சுரண்டினார். அடியில் அவரே பூசிய வெள்ளை தெரிந்தது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவிலும் அதேபோல் சுரண்டினார். பிறகு வாயால் ஊதி எழும்பினார்.

"பிரஸ் வச்சனா? இல்ல. வச்சதுல கொஞ்சம் எடுத்தேன். என்ட சட்டம் அப்படியேதான் ஈக்கி."

மஸீனா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. வெகுநேரம் கேட்டது.

பெரியவர் வரும் நாள் காலையில் பலகையை வண்டியில் ஏற்ற நானா சம்மதிக்கவில்லை. தன் முதுகில் சாய்த்து, எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி, திரிகோணமலை வீதி நெடுக அவரே சுமந்துகொண்டு போனார். பின்னால் பார்த்தவர்களுக்கு நானா தெரியவில்லை. மூளையும் முண்ணாணும் நரம்புமாக ஓர் ஆள், கீழே இரண்டு காலோடு நடந்துபோவதுதான் தெரிந்தது. மாடசாமி பாதி சவரத்தில் கத்தியோடு வெளியே வந்து, "இதுக்கும் மொகம் இல்லையா நானா!" என்று கத்தினார். வில்கமுவ பஸ்ஸிலிருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். நானா எவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிறார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பள்ளிக்கூட வாசலில் டொறீன் டீச்சர் நின்றார். பலகையை வாங்கியதும் அவருடைய விரல் முதலில் போன இடம் எது என்று சொல்லத் தேவையில்லை. பிறகு நானாவைப் பார்த்தார். நானா வேறு பக்கம் பார்த்தார். இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

கந்தோர்ப் பெரியவர் கண்ணாடி போட்ட, சிரிக்காத மனிதர். குடுவைகளைப் பார்த்தார். நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தார். பிறகு பலகையின் முன் போய் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டக் குனிந்தார். நானா வெளியே விறாந்தையில் சன்னல் ஓரமாக நின்றார்.

"படம் அருமை. ஆனா இந்த இடத்துல பெயின்ட் உரிஞ்சிருக்கே?" என்றார் பெரியவர், அங்கே உட்கார்ந்திருந்த எந்தப் பிள்ளையையும் குறிப்பாகப் பார்க்காமல். கண் தெரியாத ஆளில்லை அவர்.

ஹமீமா எழும்பி நின்றாள்.

"உரியல்ல சேர். எங்க வாப்பா வேணும்னே விட்ட இடம்."

"ஏன் விட்டார்?"

"ஒரு நரம்புக்கலம் அடுத்த கலத்தைத் தொடாது சேர். ஒவ்வொண்ணும் தனித்தனி. இந்த இடைவெளியில ரசாயனம் சிந்தி, சங்கதி அந்தப் பக்கம் போகும். ஒரு பக்கமா மட்டும்தான் போகும், திரும்பி வராது. விரல் சுட்டதும் நீலம் முண்ணாணுக்குச் சொல்லும். மஞ்சள் வாங்கிச் சிவப்புக்குக் கொடுக்கும். மூளை யோசிக்க முந்தியே கை விலகிரும். அதுதான் தெறிவினை. தொட்டுக்கிட்டு இருந்தா எல்லாம் கலந்து போயிரும் சேர்."

பெரியவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "உங்க வாப்பா எங்க படிப்பிக்கிறார்?"

"படிப்பிக்கல்ல சேர். போர்டு எழுதுறாங்க. மாத்தளையில முக்கால்வாசி போர்டு அவங்க எழுதினதுதான்."

அதைச் சொல்லும்போது ஹமீமாவின் குரலில் வெட்கம் ஒரு துளியும் இல்லை. தெருவில் நின்று ஊரார் பலகைகளுக்கெல்லாம் குறை சொல்லும் மனிதருக்கு, அந்தக் குரலில் சொல்ல ஒரு குறையும் அகப்படவில்லை. விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டார். பலகை பார்க்கும்போது மூடும் கண்ணும் திறந்திருக்கும் கண்ணும் ஒன்றுபோலக் கசிந்தன.

"அடுத்த தவணையில வகுப்பைத் தொடங்குங்க டீச்சர். கடிதம் நான் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியேறினார். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். டொறீன் டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த வகுப்பில்தான் ஹமீமா இப்போது படிக்கிறாள். அவளை முன்னால் அனுப்பிவிட்டுச் சற்றுப் பிந்தி வந்து, மணி அடிக்குமுன் வெறும் வகுப்பறைக்குள் நுழைவது நானாவின் காலைப் பழக்கத்தில் சேர்ந்துவிட்டது. திரிகோணமலை வீதியின் பலகைகளெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக இது. பலகைக்கு எதிரே நிற்கிறார். இடது கண்ணை மூடுகிறார். மூளையில் ஏறி, முண்ணாணில் இறங்கி, ஒரே இழுப்பில் போன அந்த நீண்ட வாலோடு காலடி வரைக்கும் போய், திரும்பி வலப்பக்கம் வருகிறார். விரல் நுனி, நீலம், அதன் வால். வால் முடியும் இடத்தில் வெள்ளை தெரிகிறது. வலக்கைச் சுண்டுவிரல் பழக்க தோஷத்தில் எழும்புகிறது. அந்த இடத்தை நோக்கிப் போகிறது.

ஒரு மயிரிழைக்கு இப்பால் நிற்கிறது. நானா விரலை மெல்ல உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறார்.